தோள் மாறும் கணம்

1970களின் தொடக்கத்திலே எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் கார் இருந்தது. அதனை ஓட்டிய சாரதியை வீட்டார் அனைவரும் "அண்ணர்" என்றே அழைப்போம். எங்களிடம் வருவதற்கு முன் அவர் பல ஆண்டுகள் மலைநாட்டிலே லொறி ஓட்டியவர். கடுகண்ணாவை ஏற்றத்திலே மூடைகள் நிறைந்த லொறியை ஏற்றியும் இறக்கியும் பழகிய கைகள் அவருடையவை. எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவரும் அவரே.

பழக்கத் தொடங்கிய முதல் நாளே அவர் எனக்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டார். பின்னாசனத்திலே எங்கள் ஆச்சி இருந்தார். வண்டி புறப்பட்டுச் சிறிது நேரத்துக்குள் கண்ணயர்ந்துவிடுவது அவர் வழக்கம். "தம்பி, கார் ஓட எல்லாருக்கும் ஏலும். கியர் மாத்தத் தெரிஞ்சவன்தான் சாரதி. ஆச்சியின்ரை நித்திரை குழம்பாமல் மாத்து பாப்பம்" என்றார் அண்ணர். அன்று ஆச்சி பத்து முறையாவது விழித்திருப்பார். விழித்தபோதெல்லாம் "மெல்லமா ஓடடா மோனை" என்றார். அந்தப் பரீட்சையிலே நான் சித்தியெய்த ஓராண்டு பிடித்தது.

மொரிஸ் மைனர் ஓட்டியவர்கள் அறிவார்கள். அதன் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்குச் சுழற்சியை ஒத்திசையச் செய்யும் உறுப்பு உண்டு. முதற் கியருக்கு அது கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை முதற் கியருக்கு இறக்கவேண்டுமாயின் கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்சிலேற்றரைச் சற்றே அழுத்தி எஞ்சினின் சுழற்சியை உயர்த்தி, மீண்டும் கிளச்சை மிதித்த பின்னரே கியரைப் போடவேண்டும். தவறினால் பற்சில்லுகள் ஒன்றோடொன்று மோதி அலறும். மேற்கியருக்கு மாறும்போதோ இதற்கு எதிர்மாறு. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, எஞ்சினைத் தணியவிட்டு, அது உரிய அளவுக்கு இறங்கிய வேளை பார்த்துக் கிளச்சை விடவேண்டும். "எஞ்சினுக்கு மூச்சு விட இடம் குடு தம்பி" என்பார் அண்ணர். கியர் மாற்றுவது கையின் வேலை என்று எண்ணியிருந்த எனக்கு, அது பெரும்பாலும் காலின் வேலை, அதாவது எஞ்சினின் வேலை, என்பது அவரால் விளங்கிற்று.

இதனை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின் அதே பாடத்தை நான் மீண்டும் படிக்க நேர்ந்தது.

ஓர் அதிர்வு

நான் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு முதுகெலும்பிலே சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின்னர் மாதந்தோறும் வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வைத்தியரிடம் போய்வர வேண்டியதாயிற்று. என் இடது முழங்காலும் கிளச் மிதிக்க மறுத்துவிட்ட காலம் அது. ஆகவே யப்பானில் ஓடிப் பழகி வந்த, தானியங்கிக் கியர் பூட்டிய ஒரு பழைய காரை வாங்கினோம். கிளச் மிதி என்பதே அதில் இல்லை. தடியை ஒரு முறை முன்னோட்ட நிலையில் இட்டுவிட்டால் மிகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நெல்லியடி, வல்லை வெளி, ஆவரங்கால், நீர்வேலி, கோப்பாய் என ஊர்கள் கழியும். கியர் மாறுவது மட்டும் தெரியாது. என் மனைவி தலையைச் சாய்த்து உறங்கிவிடுவாள். ஆச்சி வைத்த பரீட்சையில் இந்த வண்டி முதல் நாளே தேறிவிட்டதே என்று எனக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டாயிற்று.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே அந்த வண்டிக்கு என்னவோ நேர்ந்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் கட்டவிழ்ந்தாற்போல் ஓலமிட்டு உயரும். மறுகணம் முதுகிலே குத்தினாற்போல் ஒரு தள்ளு. உடல்நலம் உள்ளவர்க்கு அது பெரிதன்று. முதுகெலும்பிலே திருகாணி பூட்டியிருப்பவளுக்கு அப்படியன்று. சந்திகளிலே நின்று புறப்படும்போதெல்லாம் அவள் ஆசனத்தின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்டேன். இரண்டு மாதம் பொறுத்தாள். மூன்றாம் மாதம், "இஞ்சேருங்கோ, இனி நான் வரேல்லை. நீங்கள் மட்டும் போய் டொக்டரிட்டைச் சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

அவ்வாரமே ஒரு கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த மெக்கானிக், கியர்ப் பெட்டி முடிந்துவிட்டது, கழற்றி வேறு போடவேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் ஓய்வூதியத்தின் பல மாதங்களை ஒருசேர விழுங்கக்கூடியது. வேறு கார் வாங்குவதோ நினைக்கவும் முடியாதது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அதுவரை நாட்டிலிருந்த பழைய கார்கள் பொன்விலை விற்றன. நான் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமல் ஒரு பெட்டியைக் கழற்றவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரத்திலே நான் தேடிப் படித்தவற்றின் சாரமே பின்வருவது.

எண்ணெயின் ஆட்சி

கிளச் மிதிக்காமல் ஓடும் காருக்கு வழிகாட்டியது ஒரு கப்பற் சிக்கல். ஹேர்மன் பொற்றிங்கர் என்ற ஜேர்மானியப் பொறியியலாளர் ஸ்ரெற்றின் நகரத்து வுல்கன் கப்பல் கட்டுந் தளத்திலே பணியாற்றியவர். மிக விரைந்து சுழலும் நீராவிச் சுழலியை, மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பது எப்படி என்பது அவர் முன் இருந்த கேள்வி. பற்சில்லுக்குப் பதிலாகத் திரவத்தைக் கொண்டே இணைக்கலாம் என்று கண்டு 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கிப் பாருங்கள். அதன் காற்று மற்றையதையும் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் அதுவே அவருடைய கருவி. ஒன்று நின்றாலும் மற்றையது சுழலலாம் என்பதால், வண்டி நிற்கும்போதும் எஞ்சின் அணையாது.

1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கென ஹைட்ரா-மற்றிக் என்னும் தானியங்கிக் கியரை அறிமுகஞ் செய்தது. பெருந்தொகையாக உற்பத்தியான முதலாவது முழுத் தானியங்கி அது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏள் தொம்சன். 1920களின் இறுதியிலே கடிலக் கார்களில் வந்த, கியர்களை ஒத்திசையச் செய்யும் உறுப்பும் அவர் கண்டதே. சாரதியின் சுமையை முதலிற் பாதியாகவும் பின்னர் முழுதாகவும் இறக்கிவைத்தவர் அவர் எனலாம்.

அந்தக் கியர்ப் பெட்டிக்கு மூளையாக இருந்தது எண்ணெயே. ஒரு வால்வின் இரு புறத்திலும் இரண்டு அமுக்கங்கள் நின்று தள்ளும். ஒன்று வண்டியின் வேகத்தோடு கூடுவது. மற்றையது அக்சிலேற்றரின் மிதிப்போடு கூடுவது. வேகத்தின் கை ஓங்கினால் கியர் மேலேறும். மிதிப்பின் கை ஓங்கினால் கீழிறங்கும். மின்சாரத்தின் உதவியே இல்லாமல் இவ்வளவும் நடந்தது வியப்புக்குரியதே. ஆயினும் மாற்றம் எப்பொழுதும் மென்மையாக அமையவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது அதன் இரு பற்சில்லுத் தொகுதிகளும் ஒரே கணத்திலே நிலை மாறவேண்டியிருந்தது. ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் வண்டி குலுங்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1948இல் பியூக் கார்கள் வேறு வழியிற் சென்றன. டைனபுளோ என்னும் அவற்றின் தானியங்கி, சாதாரண ஓட்டத்திலே கியரை மாற்றுவதே இல்லை. திரவச் சுழலிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டன. குலுக்கம் ஒழிந்தது. கூடவே வண்டியின் சுறுசுறுப்பும் ஒழிந்தது. எரிபொருளும் கூடுதலாகச் செலவாயிற்று. மாற்றத்தைத் தவிர்ப்பதால் வரும் சுகத்துக்கு விலை உண்டு. மாறத்தான் வேண்டும், எப்படி அதிராமல் மாறுவது என்பதே கேள்வியாயிற்று.

தண்டு தாங்குவோர்

தானியங்கிக் கியர்ப் பெட்டியினுள்ளே பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று பூட்டியபடியே இருக்கும். எந்தச் சில்லு சுழலவேண்டும், எது நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை எண்ணெய் அமுக்கத்தால் இறுகும் கிளச்சுகள். இரண்டாம் கியரைத் தாங்கும் கிளச் தளர, மூன்றாம் கியரைத் தாங்கும் கிளச் இறுகவேண்டும். இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் கோயில் திருவிழா.

சுவாமி வீதிவலம் வரும்போது தண்டு தாங்குவோர் தோள் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காக ஊர்வலம் நிற்பதில்லை. புதியவர் தண்டின் கீழே தோளைக் கொடுத்து, பாரம் தம்மேல் ஏறிய பின்னரே பழையவர் விலகுவார். பழையவர் முந்தி விலகினால் தண்டு சரியும். புதியவர் பாரத்தை ஏற்ற பின்னும் பழையவர் விடாப்பிடியாய் நின்றால் இருவர் கால்களும் பின்னும். கியர்ப் பெட்டிக்கும் இந்த இரு பிழைகளே உண்டு. பாரத்தைத் தாங்க ஆளில்லாத இடைவெளி ஏற்பட்டால் எஞ்சின் கட்டவிழ்ந்து ஓலமிடும். இரு கிளச்சுகளும் ஒருங்கே இறுகினால் வண்டி பின்னுக்கு இழுபடும். என் வண்டியின் நோய் முதலாவது வகை என்பது இவ்விடத்திலே எனக்குத் தெளிவாயிற்று.

திருவிழாவிலே இன்னொன்றும் உண்டு. தோள் மாறும் வேளையில் முன்னே நிற்கும் பெரியவர் கையை உயர்த்தி "மெள்ள, மெள்ள" என்பார். காவுவோர் அனைவரும் நடையைச் சிறிது தளர்த்துவர். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் எவ்வளவு தேர்ந்த தோளும் பாரத்தை அதிராமல் வாங்கமாட்டாது. காரிலே அப்படி நடை தளரவேண்டியது எஞ்சின்.

ஏன் தளரவேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இரண்டாம் கியரின் விகிதம் 1.5, மூன்றாவதின் விகிதம் 1 என்று கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்றிலே ஓடும் எஞ்சின், கார் அதே வேகத்தில் இருக்க, மாற்றம் முடியும்போது 2,000 சுற்றுக்கு இறங்கியாகவேண்டும். எஞ்சினுக்கும் அதனோடு சேர்ந்து சுழல்வனவற்றுக்கும் சடத்துவத் திருப்பம் 0.2 கிலோகிராம் சதுர மீற்றர் என்றால், இந்த இறக்கத்திலே அவை விடும் சக்தி ஏறத்தாழ 5,500 யூல். 1,200 கிலோகிராம் கார் ஒன்றை நிலத்திலிருந்து ஏறத்தாழ 47 சென்ரிமீற்றர் தூக்குவதற்கு அது போதும். அரை விநாடிக்குள் அவ்வளவும் எங்கேயாவது போயாகவேண்டும். ஒரு பகுதி கிளச்சிலே வெப்பமாகும். மிகுதி சில்லுகளை முன்னே தள்ளும். அந்தத் தள்ளே பயணியின் முதுகுக்கு எட்டுவது.

கிளச்சை மெதுவாக இறுக்கினால் தள்ளு குறையும். ஆனால் கிளச் நெடுநேரம் உராய்ந்து வெந்துபோகும். விரைவாக இறுக்கினால் கிளச் தப்பும், முதுகு தப்பாது. எண்ணெய் மட்டுமே ஆண்ட காலத்திலே பொறியியலாளர் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று தவித்தனர். வழி கியர்ப் பெட்டிக்கு வெளியே இருந்தது. மாறும் அந்தக் கணத்தில் எஞ்சினே தன் முறுக்கு விசையைக் குறைத்துக்கொடுத்தால் கிளச்சுக்கும் நோவில்லை, முதுகுக்கும் நோவில்லை.

பிந்தி விழும் பொறி

பெற்றோல் எஞ்சினின் விசையைக் குறைக்க இரு வழிகள் உண்டு. காற்றுப் புகும் கதவைச் சாத்தலாம். ஆனால் கதவுக்கு அப்பாலுள்ள குழாயிலே நிறைந்திருக்கும் காற்றுத் தீரும்வரை அதன் பலன் முழுதாகத் தெரியாது. மற்றைய வழி தீப்பொறியைப் பிந்தவிடுவது. பிஸ்ரன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி விழுந்தால்தான் எரிந்த வாயுவின் அமுக்கம் உரிய வேளையில் அதனைத் தள்ளும். பொறி பிந்தினால் பிஸ்ரன் இறங்கத் தொடங்கிய பின்னரே அமுக்கம் எழும். தள்ளும் வலிமை குறைந்துபோம். நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் 3,000 சுற்றிலே ஓடும்போது விநாடிக்கு 100 பொறிகள் விழுகின்றன. அதாவது 10 மில்லிவிநாடிக்கு ஒன்று. ஆகவே கட்டளை கிடைத்த மாத்திரத்தே எஞ்சின் தணியும். வேலை முடிந்ததும் அதே விரைவில் எழும். வீணாகும் வெப்பம் புகைக்குழாய்க்குப் போவதால் நெடுநேரம் இப்படி வைத்திருத்தல் ஆகாது. தேவைப்படுவதோ ஒரு விநாடியிலும் குறைந்த நேரமே. தீப்பொறி இல்லாத டீசல் எஞ்சினிலே எரிபொருளின் அளவைக் குறைத்து இதனைச் செய்கின்றனர். கீழ்க் கியருக்கு இறங்கும்போது எஞ்சினின் சுழற்சியை உயர்த்திக் கொடுப்பதும் உண்டு.

இங்கே நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்துவிட்டேன். மேலே மாறும்போது தணியவிடு, கீழே மாறும்போது உயர்த்திக் கொடு என்பதைத்தானே அண்ணரின் கால் செய்தது?

ஒரு வேறுபாடு உண்டு. அண்ணரிடம் காலும் கையும் ஒரே உடம்பிலே இருந்தன. காரிலே எஞ்சின் ஓரிடம், கியர்ப் பெட்டி ஓரிடம். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும். 1980களிலே நுண்கணினிகள் கியர்ப் பெட்டியை ஆளத் தொடங்கிய பின்னரே அது கைகூடியது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1983இல் உருவாக்கத் தொடங்கி, 1986இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரத்து மாநாட்டிலே வெளியிட்ட கான் என்னும் முறை, வண்டியின் பல கணினிகள் ஒரே இணைக் கம்பிகளிலே செய்தி பரிமாற வழி செய்தது. சில வண்டிகளில் எஞ்சினின் கணினியும் கியர்ப் பெட்டியின் கணினியும் ஒரே கூட்டுக்குள் இருப்பதும் உண்டு. எவ்வாறாயினும் உரையாடல் ஒன்றே. "இப்போது என் விசை இவ்வளவு" என்கிறது எஞ்சின். "மாறப் போகிறேன், இவ்வளவு குறைத்துக்கொள்" என்கிறது கியர்ப் பெட்டி. குறைத்ததும், கிளச் மாறியதும், "இனி எழலாம்" என்கிறது. ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அளந்து, தேய்ந்துவரும் கிளச்சுக்கு ஏற்ப அடுத்த முறை அமுக்கத்தைத் திருத்திக்கொள்வதும் அதற்குத் தெரியும்.

பொய்க் கணக்கு

இவ்வளவும் படித்த பின் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கிளச்சை எவ்வளவு இறுக்குவது என்பதை, எஞ்சின் சொல்லும் விசையைக் கொண்டே கியர்ப் பெட்டி கணிக்கிறது. அந்தச் சொல் பொய்யானால்? பாரம் இலேசானது என்று கேட்டுத் தோள் கொடுப்பவன், உண்மைப் பாரம் ஏறும்போது சறுக்கமாட்டானா?

என்னிடம் உயர்தர வகுப்பிலே படித்த மாணவன் ஒருவன் கார்களின் மின்னணுப் பழுதுகளைப் பார்க்கிறான். அவனை அழைத்தேன். ஒரு சிறு கருவியை வண்டியிலே பூட்டிப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்துகொண்டு, "சேர், நீங்கள் ஓடுங்கோ, நான் பாக்கிறன்" என்றான். வல்லை வெளிவரை போய்த் திரும்பினோம். திரும்பும்போது சொன்னான்: "சேர், கியர்ப் பெட்டியிலை பிழை இருக்கிற மாதிரித் தெரியேல்லை. எஞ்சின்தான் அதுக்குக் குறைச்சுச் சொல்லுது."

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் புகுகிறது என்பதை அளக்க ஒரு மெல்லிய கம்பி உண்டு. மின்னோட்டத்தாற் சூடாக்கப்பட்ட அதனைக் கடந்து போகும் காற்றுக் குளிர்விக்கிறது. சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ, அதிலிருந்து காற்றின் அளவு தெரியும். காற்றின் அளவிலிருந்து எஞ்சினின் விசை கணிக்கப்படும். எங்கள் ஒழுங்கைப் புழுதி அந்தக் கம்பியிலே படிந்து போர்வையாகிவிட்டது. அதனால் வந்த காற்றை அது குறைத்துச் சொல்லிற்று. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரியின் சொற்படி எஞ்சின் ஓயாமற் பெற்றோலைக் கூட்டிச் சமாளித்து வந்தது. அந்த ஓயாத திருத்தத்தைக் கண்டே மாணவன் குற்றவாளியைப் பிடித்தான். எச்சரிக்கை விளக்கு எரியுமளவுக்கு அது பெரிய பிழையன்று. ஆயின் கிளச் இளகி இறுகுவதற்கும், இளகிய கிளச் சறுக்கி எஞ்சின் ஓலமிடுவதற்கும், பின்னர் திடீரெனப் பற்றித் தள்ளுவதற்கும் அது போதியதாயிருந்தது.

கம்பியை அதற்குரிய திரவத்தாற் கழுவினான். காற்று வடிகட்டியை மாற்றினான். கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து, தீய்ந்த மணம் இல்லை என்று காட்டினான். "உடனை முழுக்கச் சரிவராது சேர். அது பழைய பழக்கத்தை மறந்து புதுசாய்ப் பழகவேணும். கொஞ்ச நாள் ஓடுங்கோ" என்றான். செலவு ஒரு வடிகட்டியின் விலையும் ஒரு சிறு தகரத் திரவத்தின் விலையும். கூலி வாங்க மறுத்துவிட்டான்.

கியர் குலுங்கும் வண்டிக்கெல்லாம் இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை. கிளச் தேய்வதும் உண்டு. எண்ணெய் தீய்ந்து கறுப்பதும் உண்டு. அப்போது பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றுமுன் எஞ்சினின் வாக்குமூலத்தையும் கேட்டுப் பார்ப்பது நன்று என்பதே நான் சொல்ல விரும்புவது. இருவர் சேர்ந்து செய்யும் வேலையில் குலுக்கம் எழும்போது, குலுங்குபவனையே குற்றவாளியாக்குவது எளிது.

இரண்டு வாரம் நான் தனியே ஓட்டினேன். ஓலம் குறைந்து குறைந்து ஒரு நாள் முற்றாக நின்றது. அடுத்த மாதம் வைத்தியரிடம் போகும் நாள் வந்தது. என் மனைவி அரை மனத்தோடு ஏறி, வழக்கம்போல் ஆசனத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். நெல்லியடிச் சந்தி கழிந்தது. நான் வீதியையும் பார்த்தேன், அவள் கையையும் பார்த்தேன். வல்லை வெளியின் காற்று முகத்திலே மோதிய இடத்தில் அந்தக் கை தளர்ந்து மடியிலே விழுந்திருந்தது.

கோப்பாயிலே மாடொன்று குறுக்கிட்டு நான் வண்டியை நிறுத்தியபோதுதான் கண் விழித்தாள்.

"இஞ்சேருங்கோ, வல்லை கழிஞ்சிட்டுதோ?" என்றாள்.

"அது எப்பவோ கழிஞ்சுது" என்றேன். இந்த வண்டியைச் சாரதி என்று ஒப்புக்கொள்ள அண்ணருக்கு மனம் வந்திருக்குமா என்று எண்ணியபடியே, அக்சிலேற்றரை மெல்ல அழுத்தினேன்.